ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடும் குழந்தை

"பாப்பா சோறே திங்க மாட்டேங்குதுண்ணா" என்று என் தங்கச்சி சொன்னபோது, நானும் எல்லா ஆம்பிளைகளையும் போல, "ஊட்டற விதமா ஊட்டுனா திங்கும்" என்றுதான் சொன்னேன். அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தங்கச்சி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். பாப்பாவுக்கு இரண்டு வயசு, எடை எட்டரைக் கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2006இல் போட்ட அளவுப்படி இந்த வயசுப் பெண் குழந்தைக்கு நடு எடை பதினொன்றரைக் கிலோ. ஒன்பதுக்குக் கீழே போனால் எடைக் குறைவு. ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கெட்டவர் இல்லை. நெஞ்சில் வைத்துப் பார்த்தார், கண் இமையை இழுத்து வெளுப்பைப் பார்த்தார். "டீ குடுக்கறீங்களா? பிஸ்கெட், பாக்கெட் எல்லாம் வாங்கித் தர்றீங்களா?" என்றார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங்க" என்றாள். "நீங்களே கெடுத்துட்டு இங்க வர்றீங்க." ஒரு தாள் கொடுத்தார். ஆப்பிள், பாதாம், நெய், ஆட்டு ஈரல். பஸ்ஸில் வரும்போது தங்கச்சி சொன்னாள்: "எட்டரைக்குப் போனா எட்டரைக்குத்தான் வுடறாங்கன்னு அவருகிட்ட எப்பிடிண்ணா சொல்றது? அவரு கேக்கவே இல்லையே."

அதுதான் விஷயம். அவர் கேட்கவே இல்லை.

ஒன்றரை ஷிப்டு என்றால் வெளியூர்த் தோழர்களுக்குப் புரியாது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு, அதற்கு மேல் அரை ஷிப்டு. ஆக காலை எட்டரை முதல் ராத்திரி எட்டரை வரை. ஏற்றுமதி அவசரம் வந்தால் அதற்கும் மேலே. பாப்பா லைன் வீட்டில் எங்கள் அம்மாவோடு இருக்கும். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கல், முழங்கால் வலி. குழந்தை அழுதால் டீயில் பன்னை நனைத்து வாயில் வைக்கும். டீ பசியை அடக்கும். சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கவும் செய்யும். ரத்தம் குறைந்தால் பசி மந்தம். பசி மந்தமானால் திங்காது. திங்காவிட்டால் ரத்தம் இன்னும் குறையும். தங்கச்சி வந்து சேர ஒன்பது மணி. பாதித் தூக்கத்தில் இருக்கிற பிள்ளை வாயில் பால் பாட்டிலை வைப்பாள். இரவு முழுக்கப் பால், விடிந்தால் பசி இல்லை. புரையேறினால் ஆபத்து என்று தெரியும். தெரிந்து என்ன செய்வது?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாப்பா சாப்பிடுகிறது! நான் கண்ணால் பார்த்தேன். தங்கச்சி மாட்டு ஈரலை வாங்கி, மிளகு போட்டு வேகவைத்து, சோற்றோடு பிசைந்து, வாசற்படியில் உட்கார வைத்து, காக்காயைக் காட்டிக் காட்டி ஊட்டுகிறாள். ஒரு சின்னக் கிண்ணம் காலி. தானே கையை விட்டு அள்ளியும் தின்கிறது. அப்படியென்றால் நோய் பிள்ளையின் வாயில் இல்லை, வயிற்றிலும் இல்லை. திங்கள் முதல் சனி வரை இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் இதையே சொல்லிவிடக் கூடாது. சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே உடம்பில் கோளாறு இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் இருமும், புரையேறும், மூச்சு வாங்கும், உதடு நீலமாகும். மெல்லத் தெரியாது, ஒருவயசு தாண்டியும் கூழ் தவிர எதையும் துப்பும். ஒரு வேளைச் சோற்றுக்கு அரைமணிக்கு மேல் இழுக்கும். மாசாமாசம் எடை ஏறாமல் நிற்கும், அல்லது இறங்கும். இதில் எது இருந்தாலும் "வளந்தா சரியாப் போயிரும்" என்று மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்று 2013இல் வந்த திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட மையங்கள் உண்டு. அங்கன்வாடியில் கேளுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். புஜத்தைச் சுற்றி அளக்கிற நாடாவும் அங்கே இருக்கும். ஆறு மாசம் முதல் ஐந்து வயசு வரை பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான நிலை, ஒருநாளும் தள்ளிப் போடக் கூடாது.

நான் சொல்வது, விசாரிக்கிறவர்கள் இதையும் விசாரிக்கட்டும் என்பதுதான். யார் ஊட்டுகிறார்கள்? எத்தனை மணிக்கு? தாய் எத்தனை மணி நேரம் நிற்கிறாள்? அவள் பதினாறு வயசில் எந்த நூல் மில் விடுதியில் எதைத் தின்று கிடந்தாள்? 'சுமங்கலி' என்று பேர் வைத்து, கல்யாணச் செலவுக்குப் பணம் தருகிறோம் என்று நம்ம வீட்டுப் பெண்களை அள்ளிக்கொண்டு போனார்களே, அந்த ரத்தசோகைதான் இன்றைக்கு எடைக் குறைவாகப் பிறக்கிறது.

சட்டம் இல்லையா? இருந்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1961ஆம் வருஷத்து மகப்பேறு சட்டம் குழந்தைக்குப் பதினைந்து மாசம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை என்றது. 2017இல் விடுப்பை 26 வாரமாக ஆக்கினார்கள். தங்கச்சி மூன்றாம் மாசமே வேலைக்குப் போனாள். காண்டிராக்டர் ஆள், ரிஜிஸ்தரில் பேரே இல்லை. கட்டிக்கொண்ட பாலைக் கக்கூஸில் பீய்ச்சி ஊற்றிவிட்டு வந்து பீஸ் பார்த்திருக்கிறாள். இதை என்னிடம் அவள் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னாள்.

1928இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு மசோதாவுக்கு ஆதரவாகப் பேசியவர் அம்பேத்கர். பெண்ணின் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளிதான் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் படத்துக்கு மாலை போடுகிற நம்ம தொழிற்சங்கத் தோழர்கள் கூலி உயர்வுக்கு நிற்கிற மாதிரி காப்பகத்துக்கு நிற்கவில்லை. அது பொம்பளைங்க சமாச்சாரமாம்.

தாளில் ஆட்டு ஈரல் என்று இருந்ததே, அதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டு ஈரலின் விலை அதில் பாதிகூட வராது, இரும்புச் சத்தும் நிறைய உண்டு. ஆனால் எந்த ஆஸ்பத்திரித் தாளிலும் நான் அதைப் பார்த்ததில்லை. "ஞாயித்துக்கிழமை என்ன குடுத்தீங்க?" என்று நர்ஸ் கேட்டபோது தங்கச்சி "பருப்புங்க" என்றாள். பிள்ளைக்கு ஆகிற ஒரே சாப்பாட்டையும் ஒளிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வகைக் குழந்தைகளும் இதே மாவட்டத்தில் உண்டு. 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியப் பெண் வந்ததும், சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்றார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தச் சமையலரை இடம் மாற்றியது. போராடிய பிறகுதான் உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. பசி இருக்கிறது, சோறு இருக்கிறது, சூடாக இருக்கிறது, பிள்ளை சாப்பிடக் கூடாது! இந்த உணவுக் கோளாறுக்கு எந்த டாக்டர் தாயைக் கூப்பிட்டு "நீங்களே கெடுத்துட்டீங்க" என்று சொன்னார்?

அடுத்த மாசம் மறுபடியும் எடை போடப் போகிறோம். சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்: தாய் வேலைக்குப் போவது காலை எட்டரை, விடுவது ராத்திரி எட்டரை. பகலில் ஊட்டுவது பாட்டி, பார்வை குறைவு. ஞாயிறு மாட்டு ஈரலும் சோறும் நன்றாகச் சாப்பிடுகிறாள். டாக்டர் அதைப் படித்தால், கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பேன்.