திரும்பி வந்த மெயிலை அழிக்காதீர்கள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களுக்கு மெயில் சர்வர் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். வரும் போன்களில் பெரும்பாலானவை "மெயில் போக மாட்டேங்குதுங்க" என்றே தொடங்கும். திரும்பி வந்த தகவலில் என்ன இருந்தது என்று கேட்டால், "அதை அப்பவே டெலிட் பண்ணிட்டோம்ங்க" என்பார்கள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். காரணம் முழுவதும் அதற்குள்தான் எழுதியிருக்கும்.

அந்த ஆங்கிலக் குவியலில் முதலில் தேட வேண்டியது ஒரு மூன்று இலக்க எண். 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வரே மறுபடி முயலும். 5-ல் தொடங்கினால் மறுப்பு. காரணத்தைச் சரிசெய்யாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிமுறையிலேயே இந்தப் பிரிவினை உண்டு. அடுத்து வரும் எண் 5.1.1 என்றால் அப்படியொரு முகவரி அங்கே இல்லை. 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்புக் காரணம்.

'சென்ட்' பகுதியில் இருப்பதால் மெயில் போய்விட்டது என்று நம்புவதும் தவறு. நம் கணினி நம் சர்வரிடம் ஒப்படைத்துவிட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதன்பின் அது சர்வரின் வரிசையில் நான்கைந்து நாள்கூடக் கிடக்கலாம். அதற்குள் கன்டெய்னர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியிருக்கும்; பேக்கிங் லிஸ்ட் பையருக்குக் கிடைத்திருக்காது.

ஒரு கம்பெனியில் இன்டர்நெட் இணைப்பை மாற்றினார்கள். சர்வரின் ஐ.பி. எண்ணும் மாறியது. ஆனால் எந்த எண்ணிலிருந்து மெயில் வந்தால் நம்பலாம் என்று டி.என்.எஸ்.ஸில் எழுதிவைக்கும் எஸ்.பி.எஃப். பதிவில் பழைய எண்ணே இருந்தது. எஸ்.பி.எஃப். பதிவு, சர்வர் மெயிலில் இடும் டி.கே.ஐ.எம். என்ற டிஜிட்டல் கையொப்பம் ஆகிய இரண்டில் ஒன்றாவது சரியாக இல்லாத மெயிலை ஜிமெயில் ஏற்பதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கண்டிப்பு இன்னும் கூடிவிட்டது. அவர்களிடம் டி.கே.ஐ.எம். கையொப்பமும் கிடையாது. ஜிமெயிலுக்குப் போனதெல்லாம் 5.7.26 என்ற எண்ணோடு திரும்பியது.

திட்டு வாங்கியது மெர்ச்சன்டைசர் பெண். வேறு வழி தெரியாமல், அவர் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து விலைப்பட்டியலை அனுப்பத் தொடங்கினார். இந்தக் குறுக்குவழியை எந்த முதலாளியும் அனுமதிக்கக் கூடாது என்பேன். பையரோடு பேசிய விலையும் தேதியும் கம்பெனியின் கையை விட்டுப் போகின்றன. சர்வரின் கோளாறும் யார் கண்ணிலும் படாமல் நீடிக்கிறது. மெயில் திரும்பினால் ஊழியரைக் கோபிக்காமல், திரும்பி வந்ததை அப்படியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, முழு மெயிலும் வேண்டும்.

அந்தக் கம்பெனியில் திருத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அதைத் திருத்துவதற்கான பாஸ்வேர்டைத் தேடுவதற்குத்தான் நாள்கள் பிடித்தன. எப்போதோ வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் அது இருந்தது. அவர் ஊர் மாறிப் போயிருந்தார். உங்கள் கம்பெனியின் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.