பழைய வில்லும் புதிய அம்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வில்லேந்தி மான் வேட்டையாடுதல் சட்டத்திற்கு உட்பட்டதே; விஸ்கான்ஸின் மாகாணம் 1934-ஆம் ஆண்டிலேயே வில்லாளர்க்கெனத் தனிப் பருவம் வகுத்தது. நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கியிருத்தலின், இவ்விஷயம் நமக்கெதற்கென வினவுவோர் உளராகலாம். சிறுபொருளுடையான் ஒருவன் எதனைப் பழையதாக வாங்கலாம், எதனை வாங்கலாகாது என்னும் வினா எந்நாட்டார்க்கும் உரியதன்றோ?

புதியதே நன்றென்பார் ஒரு சாரார். பாதி விலைக்குக் கிடைப்பதெல்லாம் லாபமென்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் எமக்கு உடன்பாடன்று. வில்லைப் பழையதாக வாங்குக, நாணையும் அம்பையும் புதியனவாகவே வாங்குக என்பது எமது துணிபு.

இக்காலத்து வேட்டையர் பலரும் ஏந்துவது சக்கரங்கள் பூட்டிய காம்பவுண்டு வில். மிஸ்ஸௌரி மாகாணத்து ஹாலஸ் வில்பர் ஆலன் என்பார் 1969-இல் அதற்குப் பேட்டண்டு உரிமை பெற்றார். முழுதும் இழுத்த நிலையில் கை தாங்கும் பாரத்தை அச்சக்கரங்கள் குறைக்கின்றன. நூற்றுக்கு 80 பங்கு குறைப்பதாயின் 70 பவுண்டு வில்லும் அந்நிலையில் 14 பவுண்டே கனக்கும். ஆண்டுதோறும் புது மாதிரிகள் வெளிவருதலின் சென்ற ஆண்டு வில் விலையிழக்கின்றது. வன்மையோ அவ்வளவு விரைவில் குன்றுவதன்று.

ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. வில்லின் இழுப்பு நீளம் வாங்குவோன் கையளவுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத வில் இனாமாகக் கிடைப்பினும் நஷ்டமே. அம்பு தொடுக்காமல் வெறுநாணை இழுத்துவிட்ட வில்லில், அம்பு கொண்டேக வேண்டிய விசை முழுதும் வில்லையே தாக்கும். ஆதலின் வளையும் இரு கைகளின்மீதும் பஞ்சைத் தடவிப் பார்த்தல் வேண்டும். பஞ்சு சிக்குமிடத்தில் சிம்பு எழும்பியிருக்கும். அவ்வில்லைத் தீண்டற்க.

அம்பின் செய்தி வேறு. கார்பன் அம்பில் மயிரிழை போன்ற வெடிப்புக் கண்ணுக்குப் புலப்படாது. நாணை விட்ட அக்கணமே அது சிதறி, எய்தவன் கையைத் துளைத்தல் உண்டு. நாணும் நாளடைவில் இழை நைந்து நீளும். அம்புமுனை, குண்டினைப்போல் அதிர்ச்சியால் கொல்வதன்று, குருதி வடித்தே கொல்வது. மழுங்கிய பழைய அலகு பட்ட மான் காயத்தோடு ஓடி, எவர் கண்ணிலும் படாமல் புதரினுள் பலநாள் துடிக்கும். பத்து டாலர் மிச்சத்திற்கு இது மிகக் கொடிய விலை.

புதிய வில்லின் சார்பில் ஒன்று சொல்லுதல் நியாயம். துப்பாக்கி முதலியவற்றின் வரிப்பணத்தை வனவிலங்கு நலனுக்கு ஒதுக்கிய 1937-ஆம் ஆண்டுச் சட்டம், 1972-இல் செய்த திருத்தத்தால் வில்லையும் தழுவியது. வரி நூற்றுக்கு 11. பழைய வில்லின் மறுவிற்பனைக்கு அவ்வரி மீண்டும் இல்லை. எனினும் புதிய அம்புமுனைகளுக்கு அஃது உண்டாகலின், பழைய வில் வாங்கினவனும் ஆண்டுதோறும் தன் பங்கைச் செலுத்தியே வருகின்றான்.