பூங்காவுக்கு ஒரு விருந்து
நியூயார்க் நகரின் நடுவே 843 ஏக்கர் விஸ்தீரணமுள்ள சென்ட்ரல் பார்க், 1970களில் புல் கருகி, ஆசனங்கள் உடைந்து, கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு மனம் பொறாத பிரஜைகள் 1980-இல் ஒரு பராமரிப்புச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அச்சங்கத்தின் மகளிர் குழுவினர், பூங்காவை வகுத்தோருள் ஒருவரான ஓம்ஸ்டெட்டின் பெயரால் 1983 முதல் நடத்திவரும் மே மாதப் பகல் விருந்துக்கு, பூவும் இறகும் செருகிய அகன்ற தொப்பிகளோடு ஸ்திரீகள் திரள்திரளாக வருகிறார்கள். இதைத் தனவந்தரின் ஆடம்பரம் என்று ஒதுக்குவோரோடு நான் உடன்படேன். அங்கே சேரும் திரவியமல்லவா எருவாகவும், விதையாகவும், மண்ணில் முழங்காலூன்றிக் களை பறிக்கும் தோட்டக்காரரின் சம்பளமாகவும் பரிணமிக்கிறது! விருந்துப் பந்தல் பிரிக்கப்பட்ட பின், அங்குள்ள காட்டு ஆப்பிள் மரநிழலில் எந்த ஏழைக் குழந்தையும் ஓடி விளையாடலாம். அப்பூங்காவுக்குள் நுழைய இன்றளவும் கட்டணம் கிடையாது.