அம்மா என்றொரு ஆயுதம்

கிம் கி-டுக்கின் 'பியேட்டா' (2012) பற்றி நம்மாட்கள் எழுதுவதைப் படித்தால் இரண்டே வகைதான். ஒன்று, "சைக்கோ படம், பாதியில நிறுத்திட்டேன்." இன்னொன்று, "தாய்மையின் மகத்துவம்." முதல் ஆளோடு எனக்குச் சண்டை இல்லை, நிறுத்தத் தோன்றும் இடங்கள் நிறையவே உண்டு. வம்பு இரண்டாவது ஆளோடுதான். முடிவைச் சொல்லாமல் இந்தச் சண்டையைப் போட முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.

சியோலின் சொங்யேசொன் பட்டறைத் தெருக்கள். இயக்குநரே இளவயதில் வேலை பார்த்த பகுதி. காங்-டோ அங்கே கந்துவட்டிக்காரனின் அடியாள். கடன் கட்ட முடியாதவன் கையை அவனுடைய மெஷினிலேயே விட்டு நசுக்குவான். ஊனத்துக்கு வரும் இன்சூரன்ஸ் பணம் கடனுக்குப் போகும். அவனுக்கென்று யாரும் கிடையாது. ஒருநாள் ஒருத்தி வந்து, நான்தான் உன்னைப் பெத்து விட்டுட்டுப் போனவ என்கிறாள். நம்பாமல் அவளைச் சோதிக்கிறான். அந்தச் சோதனையில் வல்லுறவும் உண்டு. அத்தனையையும் தாங்குகிறாள். அவன் மெல்லமெல்லப் பிள்ளையாகிறான்.

ஆனால் அவள் அவனுடைய அம்மா இல்லை. அவனால் ஊனமாகித் தூக்கில் தொங்கிய இன்னொருவனின் அம்மா.

காங்-டோவைக் குத்திக் கொன்றிருக்கலாமே? உயிரை எடுத்தாலும் அவனுக்குப் பெரிய நஷ்டமில்லை, இழக்க எதுவுமே இல்லாதவன். அதனால் முதலில் அவனுக்கு ஒரு அம்மாவைக் கொடுக்கிறாள். பிறகு அவன் கண்முன்னாலேயே மாடியிலிருந்து குதித்து, அந்த அம்மாவைப் பிடுங்கிக்கொள்கிறாள்.

இதில் எங்கே வருகிறது மகத்துவம்? "எவ்வளவு கொடுமையைத் தாங்குறா பாருங்க, அதான் அம்மா" என்று எழுதுகிறீர்கள். அம்மான்னா எதையும் தாங்குவா என்பது காங்-டோவின் கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் அவன் அவளைச் சிதைக்கிறான். அவள் தாங்கியதைப் பாராட்டும்போது நீங்களும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போடுகிறீர்கள். அவளைத் தாங்க வைத்தது அவன்மீதான பாசம் இல்லை, பகை. படமும் அந்தச் சித்திரவதையைக் கதைக்கான நுழைவுக் கட்டணம்போல வசூலிக்கிறது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அப்போ கடைசியில அவனுக்காகவும் அழுறாளே?" அழுகிறாள். பரிதாபம் உண்மைதான். ஆனாலும் குதிக்கிறாள். நடிப்பாய்த் தொடங்கிய பாசம் பாதி வழியில் நிஜமாகியும் பழி நிற்கவில்லை. எனக்குத் தூக்கம் போனது இங்கேதான்.

நசுங்கிய கைகளைப் பார்த்து காங்-டோவுக்குக் குற்றவுணர்வு வரவில்லை. தன்னுடைய ஒருத்தியைக் காப்பாற்றச் சொல்லி மண்டியிட்டுக் கெஞ்சும்போதுதான் வருகிறது. அவள் பின்னிய ஸ்வெட்டர் தனக்கில்லை, செத்த மகனுக்கு என்பதையும் பிறகு பார்க்கிறான். தன்னால் ஊனமானவனின் மனைவி ஓட்டும் வண்டிக்கு அடியில் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறான். விடிகாலைச் சாலையில் நீளமாக ரத்தக் கோடு.

இந்தப் படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிடாதீங்க. பார்க்கிறதா இருந்தா, அவள் தாங்குறதைக் கைதட்டாம பாருங்க.