ஆவணமற்ற விடுதலை அரைவிடுதலையே!

சேலம் மாவட்டத்துச் சலகண்டாபுரம் தறியோசையில் விழித்தெழும் ஊர். பூவும் புட்டாவும் நெய்யும் தறிகளின் மேல் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்குவதை நெசவறிந்தோர் அறிவர். துளையுள்ள இடத்தில் பாவிழை எழும். துளையற்ற இடத்தில் எழாது. பிரான்சு நாட்டு நெசவர் சக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் ஆக்கிய இவ்வமைப்பே, கணிப்பொறிக்குத் துளையட்டையால் கட்டளையிடும் முறைக்குப் பின்னாளில் வழிகாட்டிற்று.

ஆனால் அட்டை தறிக்குச் சொல்லும், ஆளுக்குச் சொல்லாது. எந்த அட்டை எந்தக் கரைக்குரியது, இடையில் நின்றால் எங்கிருந்து தொடங்குவது என்பனவெல்லாம் பட்டறிவுள்ள நெசவரின் நெஞ்சில் மட்டுமே இருப்பின், அவர் மறைந்தபின் அட்டை எஞ்சும், அறிவு எஞ்சாது. மென்பொருளின் நிலையும் இதுவே. நிரல் பொறிக்குரியது, ஆவணம் மாந்தனுக்குரியது.

1983-இல் இரிச்சர்டு சுடால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் இலினசு தோர்வால்டுசு இலினக்சுக் கருவை வெளியிட்டார். எவரும் இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம் என்பதே கட்டற்ற மென்பொருளின் கொள்கை. நிரலைத் திருத்துவோன் அதன் கையேட்டையும் திருத்தும் உரிமை பெறல் வேண்டும் என்று சுடால்மன் வலியுறுத்தினார். குனு கட்டற்ற ஆவண உரிமம் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவ்வுரிமை தமிழனுக்கும் உண்டு. ஆயின் ஆங்கிலமறியாத தமிழ் இளைஞனுக்கு ஆங்கில ஆவணத்தோடு வரும் மென்பொருளால் என்ன பயன்? கதவு திறந்திருக்கிறது, படிக்கட்டு இல்லை! திரையில் தோன்றும் நான்கு சொற்களைத் தமிழாக்கிவிட்டு, விளக்கம் முழுவதையும் அயன்மொழியில் விட்டுவிடுவது, முகப்பில் தமிழ்ப்பலகை மாட்டி உள்ளே ஆங்கிலத்தில் வாணிகம் செய்வதை ஒக்கும்.

'தமிழில் எழுத இயலுமா?' என்பார்க்கு விடை ஏற்கெனவே உள்ளது. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதியும் நூல்களாக்கி விலையின்றி வழங்கியும் வந்துள்ளது. இயலாமை மொழிக்கில்லை; முயலாமை மாந்தர்க்கே!

எனினும், எழுதினால் மட்டும் போதாது. எழுதியதைப் பேணவும் வேண்டும். நிரல் மாறிய அன்றே ஆவணமும் மாறல் வேண்டும். இது எந்தப் பதிப்புக்குரியது என்பது முதற்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். பழையதாகிவிட்ட கையேடு, கையேடின்மையினும் கேடு. இல்லாதது வழிகாட்டாது, பழையதோ வழிதவறச் செய்யும். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வர் என விடப்பட்ட ஏரி தூர்ந்தே போகும்.

சொல்லொருமை அதனினும் தலையாயது. வலையினின்று கோப்பை இறக்கிக் கொள்வதை ஒருவர் 'தரவிறக்கம்' என்கிறார். மற்றொருவர் 'பதிவிறக்கம்' என்கிறார். கோப்புகளை அடக்கி வைப்பது ஒருவர்க்குக் 'கோப்புறை', மற்றொருவர்க்கு 'அடைவு'. இரண்டும் தமிழே, ஆனால் ஒரே ஆவணத்துள் இரண்டும் விரவினால் கற்பவன் இருவேறு பொருளென மயங்குவான். எனவே எழுதத் தொடங்குமுன் சொற்பட்டியல் வகுத்து, எழுதுவோர் அனைவரும் அதற்குக் கட்டுப்படல் வேண்டும். நல்ல சொல்லை ஆக்குவது பாதித் தொண்டு. ஆக்கிய சொல்லை மாறாது ஆள்வது மறுபாதி.

நிரலெழுதத் தெரியாதோரும் செய்யத்தக்க பணி இது. தமிழாசிரியர் பிழைதிருத்தலாம், மாணவர் படித்துப் பார்த்து விளங்காத இடத்தைச் சுட்டலாம். தமிழ் வாழ்க என்று முழங்கும் ஒவ்வொருவரும் திங்களுக்கு ஒரு பக்கம் எழுதினால், சலகண்டாபுரத்து நெசவரின் மகளும் தன் மொழியில் படித்துத் தன் கணிப்பொறியைத் தானே ஆள்வாள். முழக்கம் போதும், ஒரு பக்கம் எழுதுக!