தழும்புக்கு லேசர்: சிரிக்கவும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்



சென்ற வருடம் என் கன்னத்தில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். தழும்புக்கு லேசர் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். "ரிட்டயர் ஆன பிறகு அழகு எதுக்கு?" என்று வீட்டில் சிரித்தார்கள். விட்டுவிட்டேன். கண்ணாடி பார்க்கும்போது இன்றும் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது உறவில் ஒரு பெண்ணுக்கு, முகத்தில் மச்சம் எடுத்த இடத்தில் தழும்பு. கல்யாணம் நெருங்குகிறது. "பார்லரில் லேசர் வைத்துவிடலாம்" என்கிறார்கள். அந்தச் சிரிப்பும் தவறு, இந்த அவசரமும் தவறு.

லேசர் என்பது ரப்பர் வைத்து அழிப்பது போல அல்ல. தழும்பு முழுதாக மறையாது; மங்கும். ஒரு வகை லேசர் ரத்தக் குழாய்களைக் குறிவைத்துச் சிவப்பைக் குறைக்கும். கார்பன் டை ஆக்சைடு லேசர் நுண்ணிய துளைகளிட்டு, புதிய கொலாஜன் உருவாகத் தூண்டி மேடுபள்ளத்தைச் சீராக்கும். பல வார இடைவெளியில் சில தடவை செய்ய வேண்டும். முகூர்த்தத் தேதிக்குள் முடிகிற வேலை அல்ல.

நம் மாநிறத் தோலில் மெலனின் அதிகம். லேசரின் அளவு தவறினால் தோல் வெந்து, அந்த இடம் இன்னும் கறுத்துப்போகும். ஆகவே தோல் மருத்துவரிடம் மட்டும் போங்கள். தையல் பிரிக்கும் அன்றே கேளுங்கள். சிலருக்கு அப்போதே தொடங்குவதும் உண்டு. வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகத்தைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டால், எந்த வயதானாலும், சிரிக்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்