பாலுக்குப் பாராட்டு, காத்துக்கருப்புக்குப் பழி

மலேசியாவின் காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் மட்டுமல்ல, தமிழர் நாய் வளர்க்கும் இடமெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு: விஷம் தின்ற நாய்க்குப் பால் ஊற்றினால் பிழைத்துவிடும். பால் இல்லையா, இளநீர், முட்டை, உப்புத் தண்ணீர். “எங்கள் நாயைப் பால்தான் காப்பாற்றியது” என்று சாட்சி சொல்லவும் ஆள் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

செம்பனை மரத்தடியில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டியில் இருப்பது வார்ஃபரின், புரோடிஃபாகூம் போன்ற மருந்து. அது உடனே கொல்லாது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே மறுபடி உருவாகாமல் தடுக்கிறது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள் தீரும்வரை, அதாவது 2 முதல் 5 நாள்வரை, நாய் வழக்கம்போல் தின்று, குரைத்துத் திரியும். கட்டியைக் கடித்த அன்று பால் ஊற்றியவர் மறுநாள் துள்ளும் நாயைப் பார்க்கிறார், பாலுக்குப் பாராட்டு. நாலாம் நாள் ஈறு வெளுத்து, நெஞ்சுக்குள் இரத்தம் கசிந்து, மூச்சு வாங்கிச் செத்தால் காத்துக்கருப்புக்குப் பழி. முறிமருந்து வைட்டமின் கே1. புரோடிஃபாகூம் என்றால் அதை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். பாலால் அது ஆகாது.

சில பூச்சிமருந்துகள் இதற்கு நேர்மாறு. சீக்கிரமே எச்சில் வடியும், கண்மணி சுருங்கும், உடம்பு துடிக்கும். துடிக்கிற வாயில் ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போய்விடலாம்; விஷத்துக்குத் தப்பினாலும் நாய் அதற்குத் தப்புவது கடினம். உப்புத் தண்ணீர் இன்னும் மோசம், அதிக உப்பே நாய்க்கு விஷம். களைக்கொல்லியான பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அந்த விஷத்துக்கு மனிதருக்கே முறிமருந்து இல்லை, பால் என்ன செய்யும்?

கால்நடை மருத்துவரிடம் போகக் குளுவாங் நகர் வரை ஓட வேண்டும், காசும் ஆகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் போன் செய்ய எவ்வளவு ஆகும்? மருந்துப் பொட்டலம், தின்ற நேரம், நாயின் எடை, இந்த மூன்றைச் சொன்னால் எவ்வளவு அவசரம் என்று மருத்துவர் சொல்லிவிடுவார். தின்று ஓரிரு மணி நேரத்துக்குள் என்றால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கவும் அவரால் முடியும். எனவே கட்டியைத் தின்ற நாய் வாலாட்டிக்கொண்டு நின்றாலும் அன்றைக்கே வண்டியில் ஏற்றுங்கள். கடித்த பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.